தெரிந்தவர்கள் 18 லட்சம், தினமும் பேசுபவர்கள் 72 ஆயிரம்: ஐரிஷ் மொழியில் அன்றாட அரட்டை... 'பியோ எர் ஏகன்' பாட்காஸ்ட் ஏன் முக்கியம்?

அயர்லாந்தின் அரசியலமைப்புச் சட்டப்படி அந்த நாட்டின் முதல் ஆட்சிமொழி ஐரிஷ். பள்ளியில் கட்டாயப் பாடம், சாலைப் பலகையில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகவும் இருக்கிறது. ஆனா டப்ளின் நகரத்தில் ஒரு கடைக்குள் போய் அதே மொழியில் பேச்சுக் கொடுத்தால், பதில் ஆங்கிலத்தில் வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

இப்படி ஒரு சூழலில், மூன்று பெண்கள் மைக் முன்னால் உட்கார்ந்து தூக்கமின்மை, வேலைச் சுமை, குடும்பம், உறவு, உடம்பு என்று அன்றாட வாழ்க்கையை ஐரிஷ் மொழியிலேயே பேசும் நிகழ்ச்சிதான் 'பியோ எர் ஏகன்'. அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யின் ஐரிஷ் மொழி வானொலியான 'ரேடியோ நா கேல்டாக்ட்' இதை பாட்காஸ்ட்டாக வெளியிட்டது.

அரட்டை அடிக்கும் ஒரு பாட்காஸ்ட்டில் அப்படி என்ன விசேஷம்? அழிவின் விளிம்பில் இருக்கும் மொழிக்கு அரட்டை எதற்கு? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். அதாவது 40 சதவீதம்.

• கல்வி நிலையத்துக்கு வெளியே அதைத் தினமும் பேசுபவர்கள் 71,968 பேர் மட்டுமே.

• பேசத் தெரியும் என்று சொல்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. தினமும் பேசுபவர்களின் எண்ணிக்கை குறைகிறது.

• வகுப்பில் படித்த மொழிக்கும் வீட்டில் பேசும் மொழிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அங்கே பெரிய சிக்கல்.

• அன்றாட வாழ்க்கையைப் பேசும் பாட்காஸ்ட்டுகள் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

'பியோ எர் ஏகன்' என்றால் என்ன அர்த்தம்?

ஐரிஷ் மொழியில் 'பியோ' என்றால் உயிரோடு. 'எர் ஏகன்' என்றால் அரும்பாடுபட்டு, மயிரிழையில். சேர்த்துப் பார்த்தால், 'ஏதோ உயிரோடு இருக்கோம்' என்ற பொருள் வரும். "எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "ஏதோ ஓடுது" என்று நம்மூரில் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்தத் தொனி.

வேலை, வீடு, பிள்ளை, தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் நடுவே மூச்சு வாங்கும் ஒருவரின் அலுப்பு அதில் இருக்கிறது. யுனெஸ்கோவின் அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் இருக்கும் ஒரு மொழியில் இந்தப் பெயரை வைக்கும்போது, அது மொழியைப் பற்றிய கிண்டலாகவும் காதில் விழுகிறது.

தொகுப்பாளர்கள் யார்?

ஷினேட் நீ ஊலஹான், ஷூன் நீ குயின், ஆன்யா நீ வ்ரெஷ்லான். இந்த மூவர்தான் நிகழ்ச்சியின் குரல்கள். மூன்று பேருமே ஊடகத் துறையைச் சேர்ந்தவர்கள். ஆன்யா, வடமேற்கில் உள்ள டோனிகால் பகுதியைச் சேர்ந்த வானொலித் தொகுப்பாளர். ஷூன், ஆர்.டி.இ.யில் ஐரிஷ் மொழி ஆசிரியராகப் பொறுப்பு வகித்தவர்.

பெயர்களைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். மூன்று பேருக்கும் நடுவில் 'நீ' எங்கிருந்து வந்தது? இது நம்ம 'நீ' இல்லை. 'இன்னாரின் வழியில் வந்தவரின் மகள்' என்ற நீண்ட தொடரின் சுருக்கம் அது. ஆண்களுக்கு அதே இடத்தில் 'ஓ' வரும். உதாரணமாக, ஆங்கிலத்தில் 'டன்' என்று வழங்கும் குடும்பப் பெயர், ஐரிஷ் மொழியில் ஆணுக்கு 'ஓ டின்'. பெண்ணுக்கு அதுவே 'நீ குயின்' ஆகிவிடும். முன்னொட்டு மாறினால் பெயரின் முதல் எழுத்தின் ஒலியும் மாறும். ஐரிஷ் இலக்கணத்தின் அடையாளமே சொல்லின் தலையில் நடக்கும் இந்த மாற்றம்தான்.

தொகுப்பாளர்களின் பாணியிலும் ஒரு சேதி இருக்கிறது. ஐரிஷ் மொழி நிகழ்ச்சி என்றாலே இலக்கியம், நாட்டுப்புறக் கதை, மரபு இசை, மொழிக் கொள்கை என்ற எதிர்பார்ப்பு பலருக்கு உண்டு. இங்கே மொழி பேசுபொருளே இல்லை. வாழ்க்கைதான் பேசுபொருள், மொழி வெறும் வழி. சிரிப்பு வந்தால் சிரிக்கிறார்கள், ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுகிறார்கள். தோழிகள் மூன்று பேர் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் எப்படிப் பேசுவார்களோ, அப்படி.

40 சதவீதம் பேருக்குத் தெரியும்... பிறகு என்ன பிரச்சனை?

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2016 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 17,61,420 பேர். 2022-ல் அது 18,73,997. ஆறு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. பார்த்தால் நல்ல செய்தி மாதிரிதான் தெரியும்.

ஆனா கல்வி நிலையத்துக்கு வெளியே தினமும் பேசுபவர்களின் கணக்கு வேறு கதை சொல்கிறது.

• 2011: 77,185 பேர்
• 2016: 73,803 பேர்
• 2022: 71,968 பேர்

மொத்த மக்கள்தொகை 51 லட்சத்தைத் தாண்டிய நாட்டில் இது 1.4 சதவீதம்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022-ல் முதல்முறையாக, "எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள்?" என்றும் கேட்டார்கள். பேசத் தெரியும் என்றவர்களில் மிக நன்றாகப் பேசுவோம் என்றவர்கள் சுமார் 10 சதவீதம். நன்றாகப் பேசுவோம் என்றவர்கள் 32 சதவீதம். பாதிக்கும் மேல், அதாவது 55 சதவீதம் பேர், அவ்வளவாக வராது என்று ஒப்புக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் தினமும் பேசுபவர்கள் ஐந்தரை லட்சம் பேர். 'தெரியும், ஆனா ஒருபோதும் பேசுவதில்லை' என்றவர்கள் 4,72,887 பேர்.

சுருக்கமா சொன்னா, மொழி மண்டைக்குள் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. அதைப் பேச ஓர் இடமும் ஆளும் சந்தர்ப்பமும் இல்லை.

13 வருஷம் படிச்சும் பேச வராதது ஏன்?

தொடக்கப் பள்ளியில் சேர்ந்தது முதல் 'லீவிங் சர்ட்டிஃபிகேட்' எனப்படும் பள்ளி இறுதித் தேர்வு வரை, பெரும்பாலான பிள்ளைகள் சுமார் 13 ஆண்டுகள் ஐரிஷ் படிக்கிறார்கள். படித்து முடித்த பலரால் ஒரு முழு உரையாடலை நடத்த முடிவதில்லை என்பது அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் விவாதம்.

தேர்வை மையமாக வைத்துப் படித்தது ஒரு காரணம். கவிதைக்கு விளக்கம், கதைக்குச் சுருக்கம், மனப்பாடம் செய்த கட்டுரை. மேற்குக் கரைத் தீவு ஒன்றில் வாழ்ந்த பெக் சேயர்ஸ் என்ற பெண்மணியின் வாழ்க்கை வரலாறு 1936-ல் வெளியானது. பல தலைமுறை மாணவர்கள் அதைப் பாடப்புத்தகமாகப் படித்தார்கள். வறுமையும் துயரமும் நிறைந்த அந்த நூலின் பெயரைச் சொன்னாலே அலுத்துக்கொள்ளும் நடுவயதுக்காரர்கள் அயர்லாந்தில் ஏராளம். குற்றம் நூலின் மீது இல்லை. பதின்வயதுப் பிள்ளைக்குத் தன் வாழ்க்கையோடு ஒட்டாத ஒன்றைத் தேர்வுக்காகத் திணித்ததுதான் பிரச்சனை.

கல்வித் துறையும் இதை உணராமல் இல்லை. 2012 முதல் பள்ளி இறுதித் தேர்வில் வாய்மொழித் தேர்வுக்கான மதிப்பெண்ணை 25-லிருந்து 40 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆனாலும் தேர்வாளர் முன்னால் பேசுவது வேறு, சிநேகிதியிடம் "ராத்திரி பூரா தூங்கவே இல்லடி" என்று புலம்புவது வேறு. இரண்டாவதை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தராது.

பாட்காஸ்ட்டின் வேலை தொடங்குவது இந்த இடத்தில்தான். வளர்ந்த ஒரு மனிதர் தன் அலுப்பை, காதலை, வீட்டுச் சண்டையை, மருத்துவரிடம் சொல்லத் தயங்கும் விஷயத்தை ஒரு மொழியில் எப்படிச் சொல்வார்? காதால் கேட்டால்தான் வாய்க்கு வரும்.

மொழி சுருங்கியது எப்படி? ஒரு சின்ன பிளாஷ்பேக்

ஒரு காலத்தில் தீவின் பெரும்பகுதி பேசிய மொழி இது. ஆங்கிலேய ஆட்சியில் நிர்வாகம், நீதிமன்றம், வணிகம் எல்லாம் ஆங்கிலத்துக்குப் போனது. 1831-ல் தொடங்கிய தேசியப் பள்ளி முறையும் ஆங்கில வழியிலேயே நடந்தது. குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, ஐரிஷ் பேசும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டுகளை எண்ணி அடி கொடுக்கும் வழக்கம் 19-ம் நூற்றாண்டில் இருந்தது. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று பெற்றோரே இதற்கு ஒத்துழைத்ததும் உண்டு.

அடுத்து வந்தது 1845 முதல் 1852 வரையிலான பெரும் பஞ்சம். உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்க, சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அதிகம் பாதிக்கப்பட்டது மேற்குப் பகுதியின் ஏழைகள். அங்கேதான் ஐரிஷ் பேசுபவர்கள் அதிகம். மிஞ்சியவர்களுக்கு ஆங்கிலம்தான் அமெரிக்காவுக்கான டிக்கெட். பஞ்சத்தின் கடைசியில், 1851-ல் எடுத்த கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுபவர்கள் சுமார் 15 லட்சம் பேர். 1911-ல் அது 6 லட்சத்துக்கும் கீழே போனது.

1893-ல் 'கான்ரா நா கேல்கே' என்ற அமைப்பு தொடங்கி மொழி மீட்பு இயக்கமானது. அதன் முதல் தலைவர் டக்ளஸ் ஹைட், பின்னாளில் 1938-ல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரும் ஆனார். நாடு விடுதலை பெற்றபின் மொழி பள்ளிக்குள் வந்தது, சட்டத்துக்குள் வந்தது. வீட்டுக்குள் மட்டும் அதே வேகத்தில் திரும்பவில்லை.

திருட்டு வானொலியிலிருந்து தொடங்கிய கதை

ஐரிஷ் இன்றும் ஊர்மொழியாக உள்ள பகுதிகளுக்குப் பெயர் 'கேல்டாக்ட்'. பெரும்பாலும் மேற்குக் கரையோரம். டோனிகால், மேயோ, கால்வே, கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு, மீத் ஆகிய மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன.

1960-களின் கடைசியில் அங்கே ஒரு கொந்தளிப்பு. "எங்கள் மொழிதான் தேசிய மொழி என்கிறீர்கள். எங்களுக்கென்று ஒரு வானொலிகூட இல்லையே" என்று இளைஞர்கள் கேட்டார்கள். 1969-ல் கேல்டாக்ட் குடிமை உரிமைகள் இயக்கம் உருவானது. 1970 ஈஸ்டர் நேரத்தில், கானமாரா பகுதியின் ரோஸ் முக் என்ற ஊரிலிருந்து அனுமதி இல்லாமலே ஒரு வானொலியை ஓடவிட்டார்கள். சில நாட்கள்தான் ஓடியது. ஆனா அரசுக்கு நெருக்கடி கொடுக்க அது போதுமானதாக இருந்தது.

1972 ஏப்ரல் 2, ஈஸ்டர் ஞாயிறு அன்று 'ரேடியோ நா கேல்டாக்ட்' அதிகாரபூர்வமாகப் பேசத் தொடங்கியது. தலைமையகம் கானமாராவின் காஸ்லாவில். டோனிகாலிலும் கெர்ரியிலும் ஸ்டூடியோக்கள். ஒரு பகுதியின் பேச்சு மற்ற பகுதிக்காரர்களின் காதில் தினமும் விழத் தொடங்கியது இந்த வானொலியால்தான். 1996 அக்டோபர் 31-ல் ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியும் வந்தது. இன்று அதன் பெயர் டி.ஜி.4.

வானொலியின் மொழிக் கட்டுப்பாடு நீண்ட காலம் கறாராக இருந்தது. ஆங்கில வரிகள் கொண்ட பாட்டுக்கு இடமில்லை. 2005-ல்தான் இளைஞர்களுக்கான இரவு நிகழ்ச்சியில் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நிலையம், மூன்று பெண்களின் சாவகாசமான அரட்டையைப் பாட்காஸ்ட்டாக வெளியிடுவது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

பேச்சில் அப்படி என்ன இருக்கு?

அன்றாடப் பேச்சை எடுத்துக்கொண்டால், ஐரிஷ் மொழியில் தமிழ்க் காதுக்குப் புரியும் விஷயங்கள் சில உண்டு.

முதலாவது, 'ஆமாம்', 'இல்லை' என்பதற்கு நேரான தனிச்சொற்கள் ஐரிஷ் மொழியில் கிடையாது. கேள்வியில் இருக்கும் வினையையே பதிலாகத் திருப்பிச் சொல்வார்கள். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்" என்று நாம் சொல்வது மாதிரி.

இரண்டாவது, பசி, களைப்பு, சளி, சோகம் எல்லாம் ஆள்மேல் வந்து உட்காரும். "தா துர்ஷே ஒர்ம்" என்றால் "களைப்பு என்மேல் இருக்கிறது". "தா ப்ரோன் ஒர்ம்" என்றால் "சோகம் என்மேல் இருக்கிறது". மன்னிப்புக் கேட்பதற்கும் இதே வாக்கியம்தான். 'நான் களைப்பானவன்' என்று மனிதரையே களைப்பாக்காமல், வந்துபோகும் ஒன்றாகச் சொல்கிறது மொழி. நாமும் "எனக்குக் களைப்பா இருக்கு" என்றுதான் சொல்கிறோம்.

மூன்றாவது, வட்டார வழக்கு. "எப்படி இருக்கீங்க?" என்ற ஒரே கேள்விக்கு மூன்று பெரிய வழக்குகளில் மூன்று வடிவம்.

• தெற்கே மன்ஸ்டர் வழக்கில்: "கொனஸ் தா தூ?"
• மேற்கே கனாக்ட் வழக்கில்: "கேன் ஹீ வில் தூ?"
• வடக்கே அல்ஸ்டர் வழக்கில்: "கஜே மர் அதா தூ?"

1958-ல் அரசு ஒரு பொதுத் தரவடிவத்தை வெளியிட்டது. பாடப்புத்தகமும் அரசுக் கடிதமும் அதைப் பின்பற்றும். ஆனா யாருடைய தாய்மொழியும் அந்தத் தரவடிவம் இல்லை. பாட்காஸ்ட் அரட்டையில் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப்பேச்சைப் பேச முடிகிறது. 'சரியான ஐரிஷ்' என்று ஒன்றுதான் இருக்கிறது என்று பள்ளியில் பயந்தவர்களுக்கு, பேசுபவர்களே ஆளுக்கொரு மாதிரி பேசுவதைக் கேட்பது பெரிய ஆறுதல்.

ஆங்கிலச் சொல் கலந்தா தப்பா?

இது அங்கேயும் ஓயாத சண்டை. இயல்பான வேகமான பேச்சில் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலச் சொற்களைக் கலப்பது சகஜம். கேல்டாக்ட் ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களும் கலக்கிறார்கள். ஆங்கிலத்தின் நிழல் விழுந்த பேச்சுக்கு ஐரிஷ் மொழியில் 'பேர்லாகஸ்' என்று தனிப் பெயரே இருக்கிறது.

ஒரு தரப்பு சொல்வது: கலப்பை அனுமதித்தால் பத்து வருஷத்தில் மொழியின் எலும்புக்கூடுதான் மிஞ்சும். சொல் மட்டுமல்ல, வாக்கிய அமைப்பே ஆங்கிலமாகிவிடும்.

இன்னொரு தரப்பு சொல்வது: தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் லட்சக்கணக்கானவர்கள் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். 'கெட்டிக்கார ஆங்கிலத்தைவிட உடைந்த ஐரிஷ் மேல்' என்ற பொருளில் அங்கே ஒரு பழமொழியே உண்டு.

புதுச்சொல் ஆக்கமும் நிற்கவில்லை. பாட்காஸ்ட்டுக்கு 'பாட்க்ரீலா' என்று சொல் இருக்கிறது. 'க்ரீலா' என்றால் ஒலிபரப்பு. கணினி 'ரீவெரே', அதாவது கணக்கிடுவது. செல்போன் 'ஃபோன் போகா', அதாவது சட்டைப்பை போன். சொல் அகராதியில் இருந்தால் போதாது. யாராவது வாயால் சொல்லி, இன்னொருவர் காதில் விழுந்து, அவர் மறுநாள் தன் வீட்டில் சொன்னால்தான் அது நிற்கும். அதைச் செய்ய அரட்டை நிகழ்ச்சியைவிட நல்ல இடம் குறைவு.

இதுமாதிரி வேறு பாட்காஸ்ட்டுகள் உண்டா?

உண்டு. ஆனா எல்லாம் ஒரே வகை இல்லை. மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

1. மொழியைப் பற்றிப் பேசுபவை: எழுத்தாளர் டாரக் ஓ ஷேயா தொகுத்து வழங்கிய 'மதர்ஃபோக்லோர்' இதற்கு உதாரணம். ஐரிஷ் சொற்களின் சுவையைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் விளக்கிய நிகழ்ச்சி. அதே பெயரில் அவர் எழுதிய புத்தகம் 2017-ல் வந்தது. 'ஃபோக்லோர்' என்றால் ஐரிஷ் மொழியில் அகராதி. பள்ளிக்குப்பின் மொழியை விட்டவர்கள் வெட்கப்படாமல் திரும்ப இது ஒரு வாசல்.

2. இரண்டும் கலந்தவை: 'ஹவ் டு கேல்' என்ற பாட்காஸ்ட்டை மூன்று இளம் பெண் தொகுப்பாளர்கள் ஐரிஷும் ஆங்கிலமும் மாறி மாறிப் பேசி நடத்துகிறார்கள். டேட்டிங், சினிமா, வாழ்க்கை என்று போகும். பாதி புரிந்தாலும் கூடவே ஓடலாம்.

3. முழுக்க ஐரிஷ்: 'பியோ எர் ஏகன்' இந்த வகை. மொழி ஏற்கனவே வாழ்க்கையில் இருப்பவர்களுக்கானது. மொழிபெயர்ப்பு கிடையாது, விளக்கம் கிடையாது.

மூன்றாவது வகைதான் நடத்துவதற்குக் கஷ்டம், காரணம் கேட்பவர்கள் குறைவு. ஆனா மொழிக்கு அதுதான் அடித்தளம். வாசல் எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே வீடு இருந்தால்தானே பிரயோஜனம்?

பாட்காஸ்ட் ஏன் சின்ன மொழிக்குப் பொருத்தமான வடிவம்?

• நேரம் தடையில்லை: வானொலியில் தவறவிட்டால் போச்சு. பாட்காஸ்ட்டை பஸ்ஸில், நடைப்பயிற்சியில், பாத்திரம் கழுவும்போது கேட்கலாம்.

• இடம் தடையில்லை: ஐரிஷ் பேசுபவர்கள் ஒரே ஊரில் இல்லை. டப்ளினில், லண்டனில், நியூயார்க்கில் சிதறிக் கிடக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லாதவருக்கும் காதில் ஒரு கூட்டம் கிடைக்கிறது.

• திரும்பக் கேட்கலாம்: புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் போய், வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி கற்பவர்களுக்குப் பெரிய உதவி.

• செலவு குறைவு: ஒரு தொலைக்காட்சித் தொடரின் செலவோடு ஒப்பிட்டால், மூன்று மைக்கும் ஓர் அறையும் சின்னத் தொகை.

இதனால் மொழி பிழைத்துவிடுமா?

நேர்மையான பதில்: பாட்காஸ்ட்டால் மட்டும் முடியாது.

கேல்டாக்ட் பகுதிகளைப் பற்றி 2007-ல் வெளியான விரிவான ஆய்வு, அங்கே ஐரிஷ் ஊர்மொழியாக நீடிக்க 15 முதல் 20 ஆண்டுகள்தான் இருக்கின்றன என்று எச்சரித்தது. 2015-ல் வந்த அதன் தொடர்ச்சி, நிலைமை அதைவிட மோசம், 10 ஆண்டுகளுக்குள்ளேயே அது நடக்கலாம் என்றது. 2022 கணக்குப்படி கேல்டாக்ட் மக்கள்தொகை 1,06,220. அதில் கல்வி நிலையத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுபவர்கள் 20,261 பேர்.

காரணம் மொழிப்பற்று இல்லாதது மட்டுமல்ல. வீட்டு விலை, வேலையின்மை, சுற்றுலாவுக்காக வாங்கிப்போட்ட விடுமுறை வீடுகள் என்று பல. சொந்த ஊரில் வீடு கிடைக்காத இளம் தம்பதி நகரத்துக்குப் போகும்போது, அவர்களோடு அடுத்த தலைமுறையின் மொழியும் போகிறது. இதை எந்த ஒலிப்பதிவாலும் ஈடுகட்ட முடியாது. பாட்காஸ்ட் கேட்பது ஒருவழி. கேட்டவர் திரும்பிப் பேச ஆள் வேண்டும்.

இன்னொரு குறையும் சொல்லப்படுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த வேகமும் வட்டார வழக்கும் சுவர் மாதிரி. பத்து நிமிடத்தில் பாதி புரியாமல் மூடிவிடுபவர்கள் உண்டு. ஆனா கற்பவர்களுக்காக மெதுவாக்கினால், தாய்மொழியாகப் பேசுபவர்களுக்கு அது பாடவகுப்பு ஆகிவிடும். தங்களுக்காகவே பேசும் நிகழ்ச்சி அவர்களுக்கும் வேண்டுமே?

காற்று இப்போ எந்தப் பக்கம் வீசுது?

சட்டமும் கலையும் இப்போது கொஞ்சம் சாதகமாக இருக்கின்றன.

• 2021-ல் திருத்தப்பட்ட ஆட்சிமொழிச் சட்டப்படி, 2030 இறுதிக்குள் அரசுப் பணியில் புதிதாகச் சேர்பவர்களில் 20 சதவீதம் பேருக்கு ஐரிஷ் தெரிந்திருக்க வேண்டும் என்பது இலக்கு.

• ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ல் கிடைத்த ஆட்சிமொழித் தகுதி, 2022 ஜனவரி 1 முதல் எந்த விலக்கும் இல்லாத முழுத் தகுதியானது.

• வடக்கு அயர்லாந்தில் 2022 டிசம்பரில் ஐரிஷ் மொழிக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

• ஐரிஷ் மொழிப் படமான 'அன் கலீன் கியூன்' 2023 ஆஸ்கர் விருதுக்கான சிறந்த சர்வதேசப் படப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்குப் போனது. பெல்ஃபாஸ்ட் ராப் குழுவான 'நீகேப்' ஐரிஷ் மொழியில் பாடி உலகம் முழுக்கப் பேசப்படுகிறது.

ஆஸ்கர் மேடையும் ராப் மேடையும் மொழிக்குக் கவர்ச்சி தரும். சட்டம் வேலை தரும். அந்தக் கவர்ச்சியில் மொழிக்குள் வருபவர் மறுநாள் காலையில் காபி போடும்போது எதைக் கேட்பார், எப்படிப் பேசுவார் என்பதற்கு மேடையிடம் பதில் இல்லை. அந்தப் பதில் அன்றாடப் பேச்சில்தான் இருக்கிறது.

அப்போ எதை வைத்து அளப்பது?

ஒரு மொழிக்கு ஆட்சிமொழிப் பட்டம் இருக்கிறதா, பாடமாக இருக்கிறதா, பலகையில் இருக்கிறதா என்பதெல்லாம் எளிதாக எண்ணக்கூடியவை. அயர்லாந்தில் இவை எல்லாமே இருக்கின்றன. இருந்தும் தினமும் பேசுபவர்களின் எண்ணிக்கை 11 ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேல் குறைந்தது.

'பியோ எர் ஏகன்' மாதிரியான நிகழ்ச்சிகள் அளப்பதற்கு வேறொரு கோலைக் காட்டுகின்றன. அலுப்பாக இருக்கும்போது, கோபம் வரும்போது, காதலிக்கும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து விடிய விடிய விழித்திருக்கும்போது ஒருவர் வாயில் எந்த மொழி வருகிறது? அந்த நேரத்தில் ஐரிஷ் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் மைக் முன்னால் அதைப் பேசினார்கள். 18 லட்சம் பேரில் எத்தனை பேர் அப்படிப் பேசப் போகிறார்கள் என்பதை அடுத்த கணக்கெடுப்பு சொல்லும்.